பட்டுச்சேலை உண்டு

1946 ஜூன் 1, சனி. தைப்பிங், மலாயா.

மழை. இந்த ஊரில் இதைத் தினமும் எழுதினால் மைதான் வீண்.

‘சலாம் சாமியப்பன்’ நாலாவது அத்தியாயம் இன்று வெளிவந்தது. பசாருக்கு அனுப்பிய கட்டு முழுக்கக் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்று பத்திரிகை முதலாளி ராவுத்தர் ஆள் விட்டுச் சொன்னார். சம்பளம் கூட்டித் தருவதாக மட்டும் சொல்லி அனுப்பவில்லை. இந்த வாரம் சாமியப்பன் இருட்டில் விளக்குக் கம்பத்தை ஜப்பான் அதிகாரி என்று நினைத்துக் குனிந்து சலாம் போடுகிறான். பதில் வராததால் பயந்துபோய் இன்னும் குனிகிறான். கோப்பிக்கடை நாயர் இதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சுண்டெலி சார் கிட்டே காசு வாங்கினா எனக்குப் பாவம்” என்று கோப்பியை இனாமாகத் தந்தார். சுண்டெலி என் புனைபெயர். ஏகாம்பரம் என்று சொந்தப் பேரைப் போடலாமா என்று ராவுத்தர் கேட்டபோது வேண்டாம் என்றேன். ஆனால் யார் சுண்டெலி என்று ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் அக்கா அந்த அத்தியாயத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினாள். நான் கூடப்பிறந்த தையலக்கா வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணம் ஆகாதவனுக்கு வேறு எங்கே சோறு கிடைக்கும்? அத்தான் வைரக்கண்ணு பின்கட்டில் உட்கார்ந்து ஓட்டை வாளிக்குத் தார் அடைத்துக்கொண்டே கேட்டார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரும்பாடு.

ஒரு காலத்தில் தைப்பூசக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளைக் கூப்பிட அவரைத்தான் தேடுவார்கள். அவர் கூப்பிட்டால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். ஜப்பான்காரன் போனதிலிருந்து குசுகுசுவென்றுதான் பேசுகிறார். தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

“விளக்குக் கம்பத்துக்கா சலாம் போட்டான்!” என்று மெதுவாகச் சிரித்தார். “நல்லாருக்கு மாப்ளே. நீ கெட்டிக்காரன்.”


ஜூன் 4, செவ்வாய்.

இந்த எழவைக் கேளுங்கள். சாமியப்பன் தான்தான் என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் வந்து சண்டை போட்டாகிவிட்டது.

முதலில் ரேஷன் கடை தருமராஜன். “நான் ஒரே ஒரு தடவைதான் அவனுங்களுக்கு விருந்து வெச்சேன் சார், அதைப் போய் எழுதணுமா?” என்றார். நான் விருந்தைப் பற்றி எழுதவே இல்லை. அடுத்தது வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை. மூன்றாவது ஆள் ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவரை நான் முன்னே பின்னே பார்த்ததே கிடையாது. “அடுத்த வாரம் அந்தச் சைக்கிள் விஷயத்தை விட்டுடுங்க” என்று கோழியை வைத்துவிட்டுப் போனார். எந்தச் சைக்கிள் என்று எனக்கெப்படித் தெரியும்?

அக்கா கோழியைக் குழம்பு வைத்தாள். மூன்று வருஷம் மரவள்ளிக்கிழங்கு தின்ற நாக்கு, யார் கொடுத்த கோழி என்றெல்லாம் கேட்கவில்லை. அத்தான் மட்டும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.


ஜூன் 6, வியாழன்.

ஐந்தாவது அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது.


ஜூன் 8, சனி.

எழுத ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வரவேற்பைப் பார்த்ததில்லை.

இந்த வாரம் சாமியப்பன் ஜப்பான்காரன் லோரியில் ஏறி, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் போய் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறான். அவன் கூப்பிடுவதை அப்படியே போட்டிருந்தேன்:

“அரிசி உண்டு, கருவாடு உண்டு, அந்தி சாய்ஞ்சா கூத்தும் உண்டு! மூணே மாசம், போய்ட்டு வாங்க! வரும்போது பெண்டாட்டிக்குப் பட்டுச்சேலை உண்டு!”

மத்தியானத்துக்குள் பையன்களுக்கு மனப்பாடம். பசாரில் மீன் விற்கிறவன்கூட “கருவாடு உண்டு” என்று இழுத்துக் கூவி விற்கிறான். என் காதுபடவே இரண்டு பேர், “எழுத்துன்னா இது எழுத்துய்யா” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் அத்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா வாசித்துக் காட்டிவிட்டாள் போலிருக்கிறது. மடித்த வெற்றிலையைப் பிரித்து மறுபடி மடித்தார். அப்புறம் குசுகுசுவென்று, “சேலை நான் சொன்னதே இல்லையே மாப்ளே” என்றார்.

“கதைதானே அத்தான்.”

“அந்த ஜப்பான் கேப்டன் அதை வெட்டிட்டான்ல? நாட்டுல கோவணத்துக்கே துணி இல்ல, பட்டுச்சேலைன்னா எவன் நம்புவான்னு வெட்டிட்டான். நீ ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தே.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“இல்ல, ஞாபகம் வந்துச்சு. சொன்னேன்.”

அந்த வரியை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் வாக்கியம் மூன்று காலில் நொண்டுகிறது. பட்டுச்சேலையில் வந்து முடியும்போதுதான் கேட்கிறவனுக்குக் கால் தானாக எழும். ஒரு சிப்பாய்க்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது?


ஜூன் 9, ஞாயிறு.

ஓய்வு நாள். உடம்பெல்லாம் அசதி. எதையாவது எழுதுவோம்.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு அவர்களுடைய பிரசார ஆபீசில் ஏதோ காகித வேலை. எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. வேலை இல்லாதவனை எங்கே அனுப்பினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது அக்காவுக்குக் கால் வீங்கி, அழுத்தினால் விரல் பள்ளமாக நிற்கும். அரிசி இருந்தால் தேறுவாள் என்றார் டிரெஸ்ஸர். நல்ல குரல் உள்ள ஒரு ஆள் வேண்டும், மாதம் ஒரு சாக்கு அரிசி என்று ஆபீசில் சொன்னார்கள். அத்தான் பேரை நான் சொன்னேன். இதில் தப்பு என்ன? அக்கா இன்றைக்கு உயிரோடு நடமாடுகிறாள்.

நான் எழுதினதை அத்தான் கூவினார் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. ஆபீசிலிருந்து வந்ததை அவர் கூவினார். ஆபீசில் நாலைந்து பேர் இருந்தோம்.

அத்தானை வைத்துத்தான் சாமியப்பனை எழுதுகிறேன் என்பதும் சரியில்லை. கதைக்கு ஒரு ஆள் வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் கை தானாக எழுதுகிறது.


ஜூன் 11, செவ்வாய்.

அக்கா இன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். “சாமியப்பன் ஏண்டா வெத்தலையை முக்கோணமா மடிச்சு, காம்பைக் காதுல செருகிக்கிறான்?”

“ஏன், ஊர்ல யாரும் செருகறதில்லையா?”

“இந்த ஊர்ல ஒருத்தர்தான் செருகறாரு. காலையில தண்ணிக்குழாய்க்குப் போனாரு. பையன்களெல்லாம் சுத்தி நின்னு ‘சலாம், சலாம்’னு குனியறானுங்க. அவரு பாவம், சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்துட்டாரு. குடத்தை அங்கேயே வெச்சுட்டு வந்துட்டாரு, நான் போய்த் தூக்கிட்டு வந்தேன்.”

காம்பை எடுத்துவிடுகிறேன் என்றேன். “இனிமே எடுத்து என்ன?” என்று உள்ளே போய்விட்டாள்.


ஜூன் 13, வியாழன்.

ஆறாவது அத்தியாயம் கொடுத்தாகிவிட்டது. சாமியப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதிகாரி கொடுத்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, படிப்பதுபோல் தலையாட்டுகிறான். பேனாவைக் கொடுத்தால் அதால் காது குடைகிறான். ராவுத்தர் அச்சுக் கோக்கும் இடத்தில் நின்று வாசித்தே காட்டினார். பையன்கள் எழுத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.


ஜூன் 14, வெள்ளி.

மத்தியானம் ஒரு அம்மாள் பத்திரிகை ஆபீசுக்கு வந்தாள். பாவாயி என்று பேர். கமுண்டிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்து பால் வெட்டுகிறவள். மழையில் நடந்தே வந்திருக்கிறாள். தலையில் போட்டிருந்த சாக்கை மடித்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கணவன் பழனியாண்டி சயாமுக்குப் போனவன். திரும்பவில்லை.

“எங்க லயத்துல ஒரு பையன் உங்க கதையை வாசிச்சான் சாமி. அந்தக் கொழல்காரரு யாருன்னு சொல்லுங்க. அவரைப் பாக்கணும்.”

“அது கற்பனைம்மா.”

“கற்பனையா? எங்க லயத்துக்கு வந்தாரே. லோரி மேல நின்னுக்கிட்டு. என்னா கொரலு! அப்பல்லாம் எங்க வீட்டுக்காரரு சிரிச்சே பல மாசமாச்சு. அதைக் கேட்டுட்டு, பாவாயி, மூணே மாசம்டீன்னு சிரிச்சாரு.”

நான் மைக்கூட்டைத் திருகி மூடினேன். அவள் கோபமாகப் பேசவில்லை. ரேஷன் எப்போது போடுவார்கள் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“எல்லாத்தையும் நேர்ல பாத்தாப்புல எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணுதான்...” என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் ராவுத்தர் கூப்பிட்டார். நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

ராவுத்தர் அப்போது ஆபீசில் இருந்தாரா என்று இப்போது நினைவில்லை.


ஜூன் 15, சனி.

ஆறாவது அத்தியாயம் வந்தது. ஊரே சிரிக்கிறது. தலைவலி.


ஜூன் 17, திங்கள்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். அடிதடி எதுவும் இல்லை. சங்கத்தின் தலைவர் குப்பண்ணன் மரியாதைப்பட்டவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “வைரக்கண்ணு அண்ணே, புறப்படுங்க. பேரு வெளியில வந்துடுச்சு, இனிமே நாங்க கேக்காம இருக்க முடியாது” என்றார். அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். என்ன நினைத்தாரோ, திரும்ப வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஆளை ஏமாற்றி அனுப்பியவர் இவர்தான் என்று சங்கம் முடிவு பண்ணினால் போலீசில் ஒப்படைப்பார்கள். போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பும். இப்போது இருக்கிற சூட்டில் பத்து வருஷத்துக்குக் குறையாது. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

குப்பண்ணன் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க எழுத்தாலதான் சார் தொழிலாளிக்குக் கண்ணு தொறந்துச்சு” என்றார்.

அக்கா எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, “நீ ஏதாவது பண்ணு தம்பி” என்றாள். பண்ணுகிறேன் என்றேன்.


ஜூன் 18, செவ்வாய்.

தார் பத்தவில்லை போலிருக்கிறது. வாளி ஒழுகுகிறது.


ஜூன் 20, வியாழன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். எழுதாமல் இருக்க வரவில்லை.

பள்ளிக்கூடத்து ஹாலில் நிற்க இடமில்லை. பத்திரிகைக்காரன் என்று எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தானைச் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முட்டி மார்புக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து எவனோ “சலாம்!” என்றான். ஹாலே சிரித்தது. குப்பண்ணன் மேசையைத் தட்டி அடக்கினார்.

“லோரியில நின்னு கூப்பிட்டது நீங்கதானா?”

“நான்தான்.”

“கேக்கல! சத்தமாச் சொல்லு!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவரைப் பார்த்துச் சத்தமாகப் பேசச் சொல்கிறார்கள்!

“போனவங்க திரும்ப மாட்டாங்கன்னு தெரியுமா?”

“மொதல்ல தெரியாது.”

“அப்புறம்?”

அத்தான் கையைப் பிசைந்தார். “அப்புறம் தெரிஞ்சுது. நாலஞ்சு பேரு நோயோட தப்பிச்சு வந்து சொன்னாங்க. நின்னுட்டா அரிசி நின்னுடும். அதனால போனேன். போனது தப்புத்தான்.” அவர் சொன்னதைக் குப்பண்ணன் திரும்ப உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

குப்பண்ணன் மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அண்ணே, நீங்க கொழல். கொழலைப் புடிச்சு உள்ளே வெச்சு எங்களுக்கு என்ன லாபம்? அந்த வார்த்தையை எழுதிக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல? அரிசி உண்டு கருவாடு உண்டுன்னு, பட்டினி கெடந்தவன் காதுல விழுற மாதிரி ஒக்காந்து யோசிச்சு எழுதினவன். அவன் பேரைச் சொல்லுங்க. உங்களை நாங்க இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறோம்.”

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு நேர் எதிரே இருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவர் சன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது. மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“யாரும் எழுதிக் குடுக்கல. நானேதான் எழுதினேன்.”

வெடித்தது பாருங்கள் சிரிப்பு. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். “காகிதத்தைத் தலைகீழா வெச்சுக்கிட்டா எழுதினே?” “பேனாவால காது கொடைஞ்சியே, அது சாமியப்பா!” குப்பண்ணனே மீசைக்குள் சிரித்தார். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவர் முன்னால் தள்ளினார். “எழுதுங்க அண்ணே, பாப்போம்.”

அத்தான் பென்சிலைப் பிடித்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். குப்பண்ணன் காகிதத்தை வாங்கித் தூக்கிக் காட்டினார். ‘வைரக்கண்ணு’ என்று எழுதியிருந்தது. கல்யாணமான புதிதில் அக்கா சொல்லிக்கொடுத்த கையெழுத்து. அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள்?

சிரிக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். பெண்கள் பக்கத்தில் பாவாயி எழுந்து நின்றாள். சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள்.

“அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். எங்க லயத்துக்கு இந்த லோரி பல தடவை வந்துச்சு. அந்தப் பாட்டு எங்க பிள்ளைங்களுக்குக்கூட மனப்பாடம். அரிசி சொன்னாரு, கருவாடு சொன்னாரு, கூத்து சொன்னாரு. சேலை சொல்லல. எந்தத் தடவையும் சொல்லல.”

“அதனால என்ன தங்கச்சி?” என்றார் குப்பண்ணன்.

“நாங்க பொம்பளைங்க அப்போ சாக்கைச் சுத்திக்கிட்டு நின்னோம். ஆம்பளைங்க எதிர்ல வர வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளேயே கெடந்தோம். சேலைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா, போய்யான்னு நானே அவரைப் புடிச்சு லோரியில தள்ளியிருப்பேன். சொல்லல. அதனால நான் போகாதேன்னு அழுதேன். நான் தடுத்தேன், அது ஒண்ணுதான் இன்னிக்கு எனக்கு மிச்சம். இப்பக் கதையில சேலை வந்திருக்கு. சொல்லாத சேலை எங்கேருந்து வந்துச்சு? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அத்தான் முதல் தடவையாகத் தலையைத் தொங்கப்போட்டார்.

குப்பண்ணன் என்னைப் பார்த்தார். பார்வையில் சந்தேகம் ஒன்றும் இல்லை, அப்படித்தான் நினைக்கிறேன். “சார், ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி கூடறோம். நீங்க சிரமம் பாக்காம வந்து, அந்தச் சேலை விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிடுங்க. அதுக்கப்புறம் இவரை என்ன பண்றதுன்னு முடிவு எடுத்துக்கறோம்.”

வரேன் என்றேன். கூட்டம் கலைந்தது. குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.


ஜூன் 21, வெள்ளி.

ராவுத்தர் வந்தார். தொடரை அடுத்த வாரமே முடித்துவிடச் சொல்கிறார். சாமியப்பனைத் தூக்கில் போட வேண்டுமாம். ஆனால் சிரிப்பாக இருக்க வேண்டுமாம். “கயித்துக்கும் ஒரு சலாம் போட்டுட்டுத் தொங்கட்டும் தம்பி, எப்படி?” என்றார்.

நல்ல முடிவுதான். என்னால் எழுத முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உடம்பு சரியில்லை.


ஜூன் 22, சனி.

அக்கா சங்கத்து ஆபீசுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன சொன்னார் அத்தான் என்று கேட்டேன்.

“வாளியை அடைச்சாச்சான்னு கேட்டாரு.”

அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன். வெகுநேரம் சுள்ளியை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

“இதே எடத்துல உக்காந்துதானே அவருக்குச் சொல்லிக் குடுத்தே. ‘உண்டுன்னு இழுங்க அத்தான், இன்னும் கொஞ்சம் இழுங்க, அப்பத்தான் கேக்கிறவனுக்குப் பசிக்கும்’னே. அவரும் சின்னப்பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் அப்பக் கால் வீங்கிப் படுத்துக் கெடந்தேன். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

“அக்கா...”

“நான் உன்னைக் குத்தம் சொல்லல. அந்த அரிசியைத் தின்னுதான் எந்திரிச்சு நடந்தேன், எனக்கென்ன யோக்கியதை? ஆனா ஒண்ணு தம்பி. அந்த மனுஷன் பொறந்ததிலேருந்து ஒரே ஒரு பொய் சொன்னாரு. உனக்காகச் சொன்னாரு. அதையாவது நாலு பேரு நம்பற மாதிரி நீ அவரை எழுதியிருக்கக் கூடாதா?”

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய் அந்த வாளியைப் பார்த்தேன். இன்னும் ஒழுகுகிறது.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நாளைக்கு என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். பேசும்போது தடுமாறக் கூடாது. ஒன்றில், சேலை என் சொந்தக் கற்பனை, கதை சுவைக்காகச் சேர்த்தது. இன்னொன்றில், வேறு ஏதோ தோட்டத்தில் சொன்னதாகக் கேள்வி. மூன்றாவதில், பிரசார ஆபீசில் வேலை செய்து செத்துப்போன ஒருத்தர் பேர். நாலாவது கொஞ்சம் உருக்கமானது, அதில் அத்தானுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நாலும் நன்றாக வந்திருக்கின்றன.

எதை எழுதினாலும் முதலில் அக்காவுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன், சின்ன வயசிலிருந்து பழக்கம். நாலையும் வாசித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றாள். “எதுலயும் நீ இல்லியே.”

உலை கொதித்துவிட்டது என்று எழுந்து போனாள்.


ஜூன் 23, ஞாயிறு.

காலை. மழை விட்டிருக்கிறது.

ஐந்தாவதாக ஒன்று எழுதினேன். இரண்டே வரி. நன்றாக வரவில்லை. இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்தேன், திருத்தத் திருத்த இன்னும் மோசமாகிறது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அத்தானுடைய வெற்றிலைப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

காகிதத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.